பேத்தைச் சினையும் டெட்ரோடாக்சினும்: எல்லையோரத்து நிகழ்வு ஆய்வு ஒன்று

இரவு 11.30 மணிக்கு ஐசியூ கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது இது. 42 வயது ஆண், மீன்பிடித் தொழிலாளி. தானாக மூச்சு இல்லை. கை கால் அசைவு இல்லை. வலி கொடுத்துப் பார்த்தும் எதிர்வினை இல்லை. கண்மணிகள் இரண்டும் விரிந்திருக்கின்றன, டார்ச் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. முழங்காலில் தட்டினால் கால் துள்ளவில்லை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 54, சீராக இருக்கிறது. ரத்த அழுத்தம் 84/50. சர்க்கரை சரி. தலை சிடி ஸ்கேனில் கோளாறு ஒன்றும் இல்லை.

இதை மட்டும் படிக்கிறவருக்கு மூளைச்சாவோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். ஆனால் அந்த மனிதர் அப்போது முழு நினைவோடு இருந்தார். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் பேசியதைப் பின்னால் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். "ஆள் முடிஞ்சுது போல" என்று ஒருவர் சொன்னதும் அதில் சேர்த்தி.

நான் டாக்டர் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் எலி மூளைத் துண்டுகளிலிருந்து மின் பதிவு எடுப்பது என் வேலை. சொந்த ஊர் குழித்துறைப் பக்கம். இந்த மனிதரை முடக்கிப்போட்ட டெட்ரோடாக்சின் என்ற மீன் நஞ்சு எங்கள் கூடத்து ஃப்ரீசரில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது; வாரத்தில் பல நாள் அதை எடுத்துப் புழங்குகிறேன். ஐசியூ டாக்டர் எனக்குப் பழக்கமானவர் என்பதால் மறுநாள் காலையில் விஷயம் என் காதுக்கு வந்தது. நோயாளியும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க வயது, நேரம் போன்றவற்றைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

இந்தக் கேஸ் ஷீட்டில் ஒன்றோடொன்று ஒட்டாத சங்கதிகள் இருக்கின்றன. மூச்சு நின்றுபோனது, இதயம் நிற்கவில்லை. கண்மணி செத்த கண்மணி, காது கேட்கிறது. ஆனால் இந்த நஞ்சை வைத்து ஆய்வுக்கூடங்கள் அறுபது வருடமாகக் கற்றுக்கொண்டதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதில் முரண்பாடே இல்லை. அதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

சட்டியில் என்ன இருந்தது

நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவில் தமிழ்நாடு எங்கே முடிகிறது, கேரளா எங்கே தொடங்குகிறது என்று கடற்கரையில் நடந்து போகிறவருக்குத் தெரியாது. வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. அன்று அண்ணனும் தம்பியும் வள்ளத்தில் கணவாய் எதிர்பார்த்துப் போனார்கள். வலையில் கணவாயோடு பேத்தையும் (வயிற்றைப் பந்தாக ஊதிக்கொள்ளும் மீன், ஆங்கிலத்தில் பஃபர் ஃபிஷ்) ஏறிவந்தது.

பேத்தை இந்தக் கரைக்குப் புதிதல்ல, ஆனால் இவ்வளவு கிடைப்பது புதிது. தென்மேற்குக் கடற்கரையில் பேத்தை, குறிப்பாக லேகோசெஃபாலஸ் இனெர்மிஸ் என்ற இனம், சமீப காலத்தில் பெருகியிருப்பதைக் கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பல்தட்டு அதற்கு. வலையையும் கடிக்கும், வலைக்குள் கிடக்கிற கணவாயையும் கடித்துக் குதறும். விற்றால் காசு தேறாது. தோலை உரித்துச் சதையை மட்டும் எடுத்துக் கறி வைக்கிற வீடுகள் கரையில் உண்டு. இந்த வீடு அப்படிப்பட்டது.

கொண்டுவந்தது மூன்று மீன். அண்ணன்தான் உரித்தார். குடலையும் ஈரலையும் நாய் தோண்டாத ஆழத்தில் மணலில் புதைத்தார். அந்த அளவுக்கு அவருக்கு விவரம் தெரியும். ஒரு மீனில் சினை கொழுகொழுவென்று இருந்தது. அண்ணன் அதையும் குழியில் போடச் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு மனசு வரவில்லை. "மத்த மீனுக்கச் சினைய எல்லாம் திங்கோம்லா, இது மட்டும் என்ன செய்யும்ணே?" என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாடு மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவித்தது, தேங்காய் அரைத்து வைத்த பேத்தைக் குழம்பு. சினை தனிச்சட்டியில், மிளகாய்ப்பொடி போட்டுத் தேங்காயெண்ணெயில் வதக்கியது. சினை முழுவதையும் தம்பி ஒருவரே சாப்பிட்டார். அண்ணன் சாப்பிட்டது சதைத் துண்டுகள். தம்பி மனைவி மரச்சீனியில் குழம்பு ஊற்றிக்கொண்டார், துண்டு எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு மரச்சீனியோடு முட்டை பொரித்துக் கொடுத்திருந்தார்கள். இவ்வளவு விவரம் எதற்கு என்றால், யார் எதைச் சாப்பிட்டார்கள் என்ற இந்தக் கணக்குதான் பின்னால் நோயைக் காட்டிக்கொடுத்தது. ரத்தப் பரிசோதனை எதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை.

எட்டே காலிலிருந்து பதினொன்று வரை

எட்டே காலுக்குச் சாப்பிட்டார்கள். இருபது நிமிடத்துக்குள் தம்பிக்கு உதடும் நாக்கு நுனியும் சுறுசுறுவென்று வந்து மரத்துப்போனது. மிளகாய்க் காரம் என்று தண்ணீர் குடித்தார். ஒன்பது மணி வாக்கில் முகமும் விரல் நுனிகளும் மரத்தன. எழுந்து நடந்தபோது தரையில் கால் பாவாத மாதிரி, மிதக்கிற மாதிரி இருந்தது என்றார். இந்த மிதப்பைப் பேத்தை நஞ்சு ஏறிய பலரும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தடவை வாந்தி. ஒன்பதரைக்கு நாக்கு குழறியது. முற்றத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர், ஆள் குடித்திருக்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார். அண்ணன் மனைவியிடம் "மைனி, நாக்கு தடிச்சுப் போச்சு" என்று சொன்னதுதான் அன்றைக்கு அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஊருக்குப் பக்கத்திலிருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மணி பத்தாகப் பத்து நிமிடம். டியூட்டி டாக்டருக்கு முதலில் மதுதான் நினைவுக்கு வந்தது. வாசனை இல்லை என்றதும், மரச்சீனிக் கட்டாக இருக்குமோ என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த வட்டாரத்தில் கசப்பு மரச்சீனியை நீர் வடிக்காமல் தின்று சயனைடு ஏறி விழுந்த கதை எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. ஆனால் மரச்சீனி என்றால் வீடு முழுக்க விழுந்திருக்க வேண்டும். அன்று அதிகமாக மரச்சீனி சாப்பிட்டது பிள்ளைகளும் அம்மாவும், அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சயனைடு மூச்சை முடக்கும் அளவுக்கு ஏறினால் நினைவையும் சீக்கிரம் பறிக்கும். இவர் பத்து மணிக்கும் கேட்ட கேள்விக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

பாதையைத் திருப்பியது அங்கிருந்த நர்ஸ். அவருக்கு ஊர் விழிஞத்துக்குப் பக்கம். 1997 செப்டம்பரில் விழிஞத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்து, 500 பேர் அளவுக்கு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தது அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது. கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி வரை பாறைகளில் ஒட்டி வளர்கிற அதே பழுப்புச் சிப்பி, முங்கிக் குளித்து எடுப்பார்களே, அதுதான். உதடு மரத்தது என்று கேட்டதும் அவர் கேட்ட கேள்வி: "அக்கா, ராத்திரி சிப்பி வச்சீங்களா?"

"சிப்பி இல்ல சிஸ்டர், பேத்த."

சிப்பியில் ஏறுவது சாக்சிடாக்சின். கடலில் மிதக்கிற நுண்ணிய பாசி வகைகள் அதை உண்டாக்கும். சிப்பி அவற்றை வடிகட்டித் தின்று சேர்த்துக்கொள்ளும். பேத்தையில் இருப்பது டெட்ரோடாக்சின். மூலக்கூறுகள் வேறு வேறு, வருகிற வழியும் வேறு, ஆனால் நரம்பில் போய் உட்காருகிற இடம் ஒன்றே. ஆக நர்ஸின் ஊகம் பொருளில் தவறு, வேலையில் சரி. மூச்சு எண்ணிக்கை எடுத்துப் பார்த்தார்: ஒரே மூச்சில் எண்ணச் சொன்னபோது அவரால் ஆறுக்கு மேல் போக முடியவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 91 என்று காட்டியது. கால் மணி நேரத்தில் 86.

நாகர்கோவில் பக்கம் போவதா திருவனந்தபுரம் பக்கம் போவதா என்று வாசலில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. எல்லையில் இருப்பவர்களுக்கு இது எப்போதும் வருகிற தலைவலி; தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுடையது, தெரிந்த டாக்டர் கேரளத்தில். கடைசியில் ஓட்டுநர் வண்டியை வடக்கே திருப்பினார். நர்ஸ் கூடவே ஏறி, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பையை வழி நெடுக அழுத்திக்கொண்டு வந்தார். பாறசாலை தாண்டுகிறபோது சொந்த மூச்சு முழுசாக நின்றுவிட்டது. இந்த நிகழ்வில் உயிரைக் காப்பாற்றிய சிகிச்சை அந்த வண்டிக்குள் நடந்தது. மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி.

பாம்பு இல்லை என்று எப்படித் தெரியும்

பெரிய ஆஸ்பத்திரியில் எழுந்த கேள்வி நியாயமானது: கட்டுவிரியன் கடித்திருந்தால்? ராத்திரி, தரையில் படுக்கிற வீடு, கடித்த தடமே தெரியாமல் போகலாம், நரம்பு முடங்கும், நினைவு இருக்கும். கேரளத்திலும் குமரியிலும் கட்டுவிரியன் கடி அபூர்வம் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு விஷமுறிவு மருந்தை ஏற்றலாமா என்று பேச்சு வந்தது.

வரிசையைப் பார்த்தார் ஐசியூ டாக்டர். கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் முதலில் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், பிறகு முடக்கம் கீழே இறங்கும். மரத்துப்போவது அதன் முகம் இல்லை. இவருக்கு உதட்டிலும் விரல் நுனியிலும் மரத்துத்தான் ஆரம்பமே. அதுவும் படுக்கப் போகும் முன்பே, சாப்பிட்ட இருபது நிமிடத்தில். பூச்சிமருந்து என்றால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், எச்சில் வழியும். இங்கே நேர் எதிர். பக்கவாதம் இரண்டு பக்கத்தையும் இப்படிச் சமமாக அடிக்காது. நரம்புகளைத் தாக்கி முடக்குகிற கீலன்பாரே நோய்க்கு நாட்கள் வேண்டும், மணிகள் போதாது.

அப்புறம் அண்ணன். அவருக்கும் உதடு மரத்திருந்தது, விரல் நுனி கூசியது, அதோடு நின்றது. தம்பி மனைவி, இரண்டு முறை கேட்ட பிறகு, நாக்கு கொஞ்சம் சுருசுருத்தது, காரம் என்று விட்டுவிட்டேன் என்றார். சினை தின்றவர் வென்டிலேட்டரில், சதை தின்றவருக்கு விரல் வரை, குழம்பு மட்டும் தொட்டவருக்கு நாக்கு வரை, முட்டை தின்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 1941-இல் ஜப்பானில் ஃபுகுடாவும் தானியும் பேத்தை நஞ்சின் கடுமையை நான்கு படிகளாகப் பிரித்தார்கள்: வாயைச் சுற்றி மரப்பது முதல் படி, மூச்சு நிற்பது நான்காவது. ஒரே வீட்டுச் சமையலில் முதல் படியும் கடைசிப் படியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

கண்ணாடிக் குழாயின் முனையிலிருந்து பார்த்தால்

இனி என் பக்கத்துக் கதை. டெட்ரோடாக்சின் என்ற பெயரை 1909-இல் வைத்தவர் யோஷிசுமி தஹாரா; பேத்தைக் குடும்பத்தின் அறிவியல் பெயரிலிருந்து எடுத்தார். அதன் அமைப்பு 1964-இல் கியோட்டோவில் நடந்த வேதியியல் மாநாட்டில் தெளிவானது. தனித்தனியாக வேலை செய்த குழுக்கள் ஒரே விடையோடு வந்திருந்தன. அதில் ஒரு குழு கலிஃபோர்னியாவின் ஒரு வகை நீர்ப்பல்லியின் முட்டையிலிருந்து பிரித்த நஞ்சும் இதுவே என்று காட்டியது. கடல் மீனிலும் மலைக்குளத்துப் பல்லியிலும் ஒரே சிக்கலான மூலக்கூறு இருக்கிறது என்றால் இரண்டும் தானாக அதைச் செய்யவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். பேத்தையைப் பொறுத்தவரை, நஞ்சு பாக்டீரியாக்களிடமிருந்து உணவுச் சங்கிலி வழியாக வருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு: கட்டுப்படுத்திய தீவனம் கொடுத்து வளர்க்கிற பேத்தையில் நஞ்சு இருப்பதில்லை.

நரம்பியலுக்கு இது கருவியானதும் அதே 1964-இல்தான். நரம்பில் ஓடும் மின் துடிப்பில் முதலில் சோடியம் உள்ளே பாய்கிறது, பிறகு பொட்டாசியம் வெளியே போகிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் கணக்கோடு காட்டிவிட்டார்கள். ஆனால் இரண்டும் ஒரே வாசல் வழியாகவா தனித்தனி வாசல் வழியாகவா என்பது தீரவில்லை. டோஷியோ நராஹாஷி ஜப்பானிலிருந்து இந்த நஞ்சை அமெரிக்காவுக்கு எடுத்துக்கொண்டு போய், டியூக் பல்கலைக்கழகத்தில் ஜான் மூர், வில்லியம் ஸ்காட் இருவரோடும் சேர்ந்து சிங்கி இறாலின் தடித்த நரம்பிழையில் வோல்டேஜ் கிளாம்ப் செய்து, அதாவது மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்துவைத்து ஓட்டத்தை அளந்து, பார்த்தார். சோடியம் ஓட்டம் முழுக்க நின்றது. பொட்டாசியம் ஓட்டத்தில் மாற்றமே இல்லை. ஒன்றை அடைத்தால் மற்றது பாட்டுக்கு ஓடுகிறது என்றால் வாசல்கள் இரண்டு என்பதுதானே பொருள்? இன்று சோடியம் சேனல், பொட்டாசியம் சேனல் என்று பாடப்புத்தகத்தில் சாதாரணமாக எழுதுகிறோம். அந்தப் பிரிவுக்கு வலுவான கை கொடுத்தது ஒரு மீன் நஞ்சு.

பின்னர் நராஹாஷி குழுவினர் கணவாயின் பெரிய நரம்பிழைக்குள்ளேயே நஞ்சைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. வெளிப்பக்கம் ஊற்றினால்தான் வேலை செய்தது. நிறைகுடத்தின் வாயில் வைத்த தேங்காய் போல இந்த மூலக்கூறு சேனலின் வெளிவாயில் உட்கார்ந்து அடைக்கிறது. உள்ளே போவதில்லை, எதையும் உடைப்பதில்லை.

எதையும் உடைப்பதில்லை என்பதைக் கேஸ் ஷீட்டுக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 1960-களில் காட்ஸ், மிலேடி இருவரும் தவளையின் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் இந்த நஞ்சை ஊற்றினார்கள். நரம்புத் துடிப்பு ஓடிவருவது நின்றது. ஆனால் நரம்பின் முனையை நேரடியாக மின்சாரத்தால் தூண்டினால் அது தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசெட்டைல்கோலினை வழக்கம்போல வெளியிட்டது. தசை அதைப் புரிந்துகொண்டது. அனுப்புகிறவன் சரி, வாங்குகிறவன் சரி, நடுவில் தந்திக்கம்பி மட்டும் ஊமை. நாங்கள் இன்றும் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம். மூளைத் துண்டு இருக்கும் கிண்ணத்தில் 0.5 முதல் 1 மைக்ரோமோலார் அடர்த்தியில் டெட்ரோடாக்சின் விட்டால் துடிப்புகள் எல்லாம் அடங்கும். நரம்பணுக்கள் தாமாகக் கசியவிடும் ஒற்றைப் பொட்டலச் சமிக்ஞைகள் மட்டும் திரையில் சின்னச் சின்னக் குழிகளாகத் தெரியும். ஜீனா டுரிஜியானோ குழுவினர் 1998-இல் வளர்ப்பு நரம்பணுக்களை இரண்டு நாள் இப்படி ஊமையாக்கி வைத்து, அந்தச் சமிக்ஞைகள் பெரிதாவதைக் காட்டினார்கள். அது தனிக் கதை, பெரிய கதை, இங்கே வேண்டாம்.

கட்டுவிரியன் நஞ்சு அப்படி இல்லை. அதிலுள்ள பீட்டா பங்காரோடாக்சின் நரம்பு முனையையே சிதைக்கும். முனை திரும்ப முளைக்க வேண்டும், நாட்களோ வாரங்களோ ஆகும். டெட்ரோடாக்சின் கழுவினால் போய்விடும். என் மேசையில் சுத்தமான கரைசலை ஓடவிட்டுக் காத்திருந்தால் துடிப்பு மெல்லத் திரும்பும். நோயாளிக்கு அந்தக் கழுவலைச் சிறுநீரகம் செய்கிறது. அது வரைக்கும் மூச்சை வேறு யாராவது இழுத்துவிட வேண்டும். விஷமுறிவு மருந்து இதற்கு இல்லை. தேவையும் அவ்வளவு இல்லை என்பது என் கருத்து.

இதயம் ஏன் ஓடியது

மனித உடலில் துடிப்பை உண்டாக்கும் சோடியம் சேனல்கள் ஒன்பது வகை. மூளையிலும் புற நரம்புகளிலும் எலும்புத்தசையிலும் உள்ளவற்றில் பெரும்பாலானவை சில நானோமோலார் (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு நஞ்சுக்கே பாதி அடைபட்டுவிடும். இதயத் தசையில் முக்கியமானது 1.5 என்ற வகை. அதைப் பாதி அடைக்க 1 முதல் 2 மைக்ரோமோலார் வேண்டும். நூறு மடங்குக்கும் மேல். இந்த வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலத்தில் இருக்கிறது. நஞ்சு உட்காரும் வாயில் மற்ற சேனல்களில் டைரோசினோ ஃபெனைல்அலனினோ இருக்கிற இடத்தில் இதயச் சேனலில் சிஸ்டீன் இருக்கிறது. 1992-இல் அந்த ஒன்றை மட்டும் டைரோசினாக மாற்றிப் பார்த்தபோது இதயச் சேனலும் நஞ்சுக்கு மடங்கியது. பேத்தையும் கிட்டத்தட்ட இந்தத் தந்திரத்தால்தான் தன் நஞ்சிலிருந்து தப்பிக்கிறது: அதன் தசைச் சேனலில் அதே இடத்தில் அமினோ அமிலம் மாறியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளர்ந்த மனிதரைக் கொல்ல வாய்வழியாக ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும் என்பார்கள். 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மூலக்கூறு எடை 319. அறுபது கிலோ ஆளின் உடலில் செல்களுக்கு வெளியே உள்ள நீர் சுமார் 12 லிட்டர். நஞ்சு மொத்தமும் உறிஞ்சப்பட்டு அதில் மட்டும் கலந்தால் அரை மைக்ரோமோலார் வரும். உண்மையில் அத்தனையும் உறிஞ்சப்படாது, கொஞ்சம் வாந்தியில் போகும், கொஞ்சம் சிறுநீரில் போகும். ஆக இந்த அரை என்பது உச்சவரம்பு. நரம்பையும் உதரவிதானத்தையும் ஊமையாக்க இது தேவைக்கு மேல் பல மடங்கு; இதயச் சேனலில் பாதியை அடைக்கக்கூடப் போதாது. நான் கிண்ணத்தில் விடுவதும் இதே அளவுதான் என்று கணக்கு முடிந்தபோது கண்ணில் பட்டது. எங்களுக்கு வருகிற 1 மில்லிகிராம் குப்பி 1 மைக்ரோமோலார் கரைசல் 3 லிட்டருக்குக் காணும். அந்தக் குப்பியை நான் முன்பும் கையுறையோடுதான் தொட்டேன். இப்போது சலிப்பில்லாமல் தொடுகிறேன்.

ரத்த அழுத்தம் விழுந்தது இதயம் தளர்ந்ததால் இல்லை. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளும் ஊமையாகிவிட்டதால். கண்மணியைச் சுருக்கும் நரம்புக்கும் அதே கதிதான். டார்ச் அடித்தபோது கண் பார்த்திருக்கும், மூளை சுருக்கு என்று சொல்லியிருக்கும், சொல் போய்ச் சேரவில்லை.

மூளை ஏன் விழித்திருந்தது? என் கிண்ணத்தில் மூளைத் துண்டு சில நிமிடத்தில் அடங்கிவிடுகிறதே? கிண்ணத்தில் நஞ்சு நேராகத் துண்டின் மேல் ஓடுகிறது. உடம்பில் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்கிறது. மின்னேற்றம் கொண்ட, தண்ணீரில் கரைகிற இந்த மூலக்கூறு அதை எளிதில் தாண்டாது. எனவே பேத்தை நஞ்சில் மனிதர்கள் பெரும்பாலும் நினைவோடுதான் முடங்குகிறார்கள். நினைவு போனால் அது மூச்சு நின்று ஆக்சிஜன் குறைந்ததால். இவருக்கு ஆம்பு பை நிற்கவே இல்லை. நினைவும் போகவில்லை.

ஐசியூவில்

பேத்தை என்று கேட்டவுடன் ஐசியூ டாக்டர் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. நோயாளியின் காதருகே குனிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மீனில் உள்ள நஞ்சால் உடம்பு முடங்கியிருக்கிறது, மூச்சை மெஷின் பார்த்துக்கொள்கிறது, ஒன்றிரண்டு நாளில் சரியாகும் என்று தமிழில் சொன்னார். பிறகு தூக்க மருந்தை மெல்ல ஏற்றச் சொன்னார். பக்கத்தில் நின்ற இளம் டாக்டர், கோமாவில் இருப்பவருக்குத் தூக்க மருந்து எதற்கு என்று கேட்டாராம். இந்தக் கேள்விக்கு அந்த வார்டில் அன்று கிடைத்த பதில் நாலு வகுப்புக்குச் சமம்.

ரத்த அழுத்தத்தை ஏற்ற நோர்அட்ரினலின் கொஞ்ச நேரம் ஓடியது. சிரைவழியாகத் திரவமும் ஏறியது. மூக்குக் குழாய் வழியாக வயிற்றைக் காலி செய்து கரித்தூள் கொடுத்தார்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்ததால் அதிகம் எதிர்பார்க்கவில்லை. நியோஸ்டிக்மின் போட்டுப் பார்க்கலாமா என்று பேச்சு எழுந்து அடங்கியது. காட்ஸ் செய்த சோதனையை நினைத்தால் காரணம் புரியும்: அந்த மருந்து அசெட்டைல்கோலினை நீடிக்க வைக்கும், துடிப்பே வந்து சேராத இடத்தில் நீடிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் காலை பத்து மணிக்கு வலது ஆள்காட்டி விரல் அசைந்தது. மதியம் இமை திறந்தது, கண்மணி வெளிச்சத்துக்கு மெதுவாகச் சுருங்கியது. மாலையில் கையைப் படுக்கையிலிருந்து தூக்கினார். இரண்டாம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள். முதலில் கேட்டது அண்ணனைப் பற்றி. அண்ணன் அதே ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கண்காணிப்பில் இருந்து வீட்டுக்குப் போயிருந்தார். ஐந்தாம் நாள் இவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஊசி குத்தியபோது தெரிந்ததா என்று கேட்டேன். "குத்தினது தெரியல, எரிச்சல் மட்டும் தெரிஞ்சுது" என்றார். வலி உணரும் நரம்பணுக்களில் 1.8, 1.9 என்று இரண்டு வகைச் சேனல்கள் உண்டு. இந்த நஞ்சு அவற்றை லேசில் அசைக்காது. அதனால் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் ஒரு ஆளின் நினைவை மட்டும் வைத்து அந்த முடிவுக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை.

எதுவரை உறுதி

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் நோயின் பெயருக்கு முன்னால் 'சாத்தியமான' என்ற சொல் இருக்கிறது. அது சரியே. முதல் நாள் சிறுநீரை எடுத்து உறையவைத்து, நிறமாலைக் கருவியில் பார்க்கக் கொடுத்திருந்தால் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். அவசரத்தில் யாரும் எடுக்கவில்லை. சட்டி கழுவியாகிவிட்டது, புதைத்த குடலை அலை கொண்டுபோய்விட்டது. மீனின் இனமும் தெரியாது. மகன் போனில் எடுத்த படம் ஒன்று உண்டு, அதில் மீனை விடத் தம்பியின் கைதான் தெளிவாக இருக்கிறது. நம் கரையில் கிடைப்பவற்றில் இனெர்மிஸின் முதுகு வழுவழுப்பு. லேகோசெஃபாலஸ் லுனாரிஸ் என்று இன்னொன்று உண்டு, அதன் முதுகில் சிறு முட்கள் முதுகுத் துடுப்பு வரைக்கும் ஓடும். அதில் சதையிலேயே நஞ்சு இருக்கும், தோலுரித்துப் பயனில்லை. பார்க்க இரண்டும் ஒரே சாடை. மூன்று மீனில் ஒன்று லுனாரிஸாக இருந்திருந்தால் அண்ணனுக்கு விரல் வரை ஏறியதற்குக் கணக்கு சரியாகும். உரிக்கும்போது சினையிலிருந்து சதையில் ஒட்டியிருந்தாலும் சரியாகும்.

கொதிக்க வைத்தால் போய்விடாதா என்று ஊரில் பலர் கேட்டார்கள். போகாது; சமையல் சூட்டுக்கு இந்த நஞ்சு அசையாது. புளி, மஞ்சள் எதுவும் அதை முறிக்காது. ஆய்வுக்கூடத்தில் நாங்களே அதைப் புளிப்புக் கரைசலில்தான் பத்திரமாக வைக்கிறோம். ஜப்பானில் 1975-இல் புகழ்பெற்ற கபுகி நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ கியோட்டோவில் பேத்தை ஈரல் சாப்பிட்டு இறந்தார். 1983-இல் அந்த நாட்டு அரசு உணவகங்களில் ஈரல் பரிமாறுவதையே தடை செய்தது. உரிமம் பெற்ற சமையல்காரர்கள் இருக்கிற நாட்டிலேயே அந்தக் கதி.

அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் இப்போது ஆம்பு பை ஒன்று வண்டியிலேயே கிடக்கிறது. நர்ஸ் கேட்டு வாங்கி வைத்தது.

தம்பி ஒரு மாதத்தில் கடலுக்குத் திரும்பினார். பேத்தையைக் கண்டால் வள்ளத்திலிருந்தே வீசிவிடுகிறார். அண்ணன் விடவில்லை. முப்பது வருடமாகத் தின்கிறேன், ஒன்றும் ஆகவில்லை, சினையும் ஈரலும் நான் தொட்டதில்லை என்கிறார். லுனாரிஸ் பற்றிச் சொன்னேன். முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இப்போது பேத்தை கிடைத்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். படத்தைப் பார்த்து நஞ்சு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது, சாப்பிட வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் பதில் போடுகிறேன். போன வாரம் அனுப்பிய படத்தில் மீன் ஏற்கெனவே உரித்திருந்தது.